எல்லாரையும் பிடித்த காவல்காரி

அறிவியல் விழாவில் ஐந்தாம் வகுப்பின் நாடகம், ‘ஒரு செல் இரண்டாகிறது’. இரண்டு நீலப் போர்வைகளை ஊக்கால் இணைத்து, அதற்குள் எட்டுப் பேர் குனிந்து நின்றார்கள். அதுதான் செல்.

சிவப்புத் தொப்பி போட்ட ஐந்து பேர் ஆக்சிஜன் குறும்பர்கள். செல்லுக்குள் ஓடி எதையாவது இடித்து உடைப்பார்கள். அவர்களைப் பிடித்து அடக்கும் காவல்காரியின் பெயர் ஆன்டிஆக்சிடன்ட். அந்த வேஷம் பட்டாசுக்கு. படபடவென்று பேசுவதால் வகுப்பு வைத்த பட்டப்பெயர் அது.

“ஒருத்தரையும் விடமாட்டேன், பாருங்க!” என்று ஒரு வாரமாக வீட்டில் அளந்துகொண்டிருந்தாள். முதல் வரிசையில் அப்பா போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். போதாதா? ஐந்து நிமிடத் துரத்தல் அரை நிமிடத்தில் முடிந்தது. ஐந்து பேரையும் ஸ்கிப்பிங் கயிற்றால் வளைத்து மூலையில் உட்காரவைத்துவிட்டாள்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

போர்வைக்குள் யாரோ தும்மினார்கள். “எப்போ பிரியணும்? முதுகு வலிக்குது!”

பட்டாசுக்குத் தூக்கிவாரிப் போட்டது. செல்லுக்கு ‘பிரி’ என்று சேதி சொல்வதே ஒரு குறும்பர்தான்! கொஞ்சம் குறும்பர்கள் வெளியே இருந்தால்தான் செல் வளரும், பிரியும் என்று டீச்சர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆள் போதாமல் அந்த வேஷத்தை அவள் தங்கை பொடிசுக்குக் கொடுத்திருந்தார்கள். பொடிசுக்கு மொத்த நாடகத்திலும் இருப்பது அந்த ஒரே சொல். மூன்று நாள் கண்ணாடி முன்னால் கத்திப் பழகியிருந்தாள்.

“அக்கா, என்னையும் பிடிச்சுட்டியே!” பொடிசின் உதடு பிதுங்கியது.

அவிழ்த்துவிட்டால் அப்பா முன்னால் மானம் போகும். ஆனால் தங்கையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. போனால் போகட்டும் என்று பட்டாசு கயிற்றைத் தூக்கினாள்.

“நீ மட்டும் போ. சொன்னதும் ஓடி வந்துடணும்.”

“பிரி!” என்று பொடிசு கத்தினாள். ஊக்குகள் தெறித்தன. செல் இரண்டானது. ஒரே கைதட்டல்!

பொடிசுக்கு அது ருசித்துவிட்டது. “பிரி! பிரி!”

இரண்டு செல் நாலாகப் பார்த்தது. ஆளுக்கொரு மூலையைப் பிடித்து இழுக்க, ஒரு போர்வை மேடையைவிட்டே இறங்கி, தலைமை ஆசிரியரின் தலையில் விழுந்தது. பட்டாசு பாய்ந்துபோய்த் தங்கையை அலாக்காகத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அரங்கமே வயிறு குலுங்கச் சிரித்தது.

“இதெல்லாம் நாடகத்துல இருக்கா?” என்று கீழேயிருந்து அப்பா கேட்டார்.

“எல்லாரையும் பிடிச்சா செல் அசையவே மாட்டேங்குதுப்பா. இவளை விட்டா நிக்கவே மாட்டேங்குது!” பட்டாசுக்கு மூச்சு வாங்கியது.

“அக்கா, இன்னும் ஒரே ஒரு தடவை?”

“சரி. மெதுவா.”

பொடிசு அவள் காதில் மட்டும், “பிரி” என்றாள். சொல்லிவிட்டு, அக்காவின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.