சாவுக்கு முன் வந்த சாப்பாடு

கதவைத் திறந்ததும் கோராவின் காலில் சூடாக ஏதோ இடித்தது. மூடி போட்ட கண்ணாடிப் பாத்திரம். உள்ளே கோழியும் நூடுல்ஸும், மேலே உருகிய சீஸ். ஆல்டர்குரோவ் ஊரில் இப்படிச் சமைத்து வாசலில் வைத்துவிட்டுப் போவது சாவு வீட்டுக்கு மட்டும்தான். இங்கே யாரும் சாகவில்லையே!

எதிர்வீட்டு இனெஸுக்குப் போன் போட்டாள். "வீடு மாத்தி வச்சிட்டீங்களா?"

"பன்னெண்டு வருஷமா எதிர்லயே இருக்கே, எனக்கு வீடு மாறுமா கண்ணு? உன் புருஷன் எவரெட் வந்துட்டானா?"

"காலேஜ்லேர்ந்து இன்னும் வரல. ஏன்?"

"சும்மாதான். பாத்திரத்துக்கு அவசரமில்ல."

நான்கு மணிக்குள் ஏழு பாத்திரங்கள் சேர்ந்துவிட்டன. படியில் காலடிச் சத்தம் கேட்கும். அவள் ஓடிப்போய்த் திறப்பதற்குள் ஆள் இருக்காது, சோள வயல்களைத் தாண்டி வரும் பனிக்காற்றில் வெந்த வெங்காய வாசனை மட்டும் மிதக்கும், எதிர்வீட்டுத் திரைச்சீலை லேசாக ஆடி அடங்கும்.

கல்லூரியின் இருநூறாவது ஆண்டுக்கு ஊர் வரலாறு எழுதும் வேலையை அவளிடம்தான் கொடுத்திருந்தார்கள். தேவாலய நிலவறையில் பழைய நோட்டுகள். எந்தச் சாவுக்கு யார் என்ன சமைத்தார்கள் என்று நேரத்தோடு எழுதியிருந்தது. சாப்பாடு வந்தது பிற்பகலில். உயிர் போனது இருட்டிய பிறகு. ஒவ்வொரு முறையும்!

"எழுதினவனுக்கு மணி பார்க்கவே தெரியல போல" என்று நேற்று இனெஸிடம் சிரித்துத் தொலைத்தாள். இனெஸ் சிரிக்கவில்லை.

ஐயோ, எவரெட்! அவர் வரும் வழியில் பாலத்தில் பனி உறைந்திருக்குமே. போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். எடுக்கவில்லை.

கல்லூரி மணி ஐந்து அடித்தது. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

ஜன்னலுக்கு ஓடினாள். கடவுளே, அதோ வந்துவிட்டார்! முழுசாக, நடந்தே வருகிறார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஏன் கறுப்பு கோட்டு?

அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வந்து அவர் கையைப் பிடித்தார்கள். இனெஸ் அவரைக் கட்டிக்கொண்டாள். அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

கோரா பாத்திரத்தின் மேல் ஒட்டியிருந்த உறையை இப்போதுதான் பிரித்து அட்டையைப் படித்தாள். 'அன்புள்ள எவரெட், உன் துக்கத்தில் நாங்களும் பங்கு கொள்கிறோம்.' அடுத்தது. அன்புள்ள எவரெட். ஏழிலும். அவர் பேர் மட்டும்.

கதவுக்குப் பாய்ந்தாள். கைப்பிடிக்குக் கீழே தடவினாள். பூட்டு இல்லை. இந்த ஊரில் எந்தக் கதவுக்கும் பூட்டு இல்லை.

படியேறி வந்தார்கள். எவரெட் முன்னால். வழக்கம்போல மிதியடியில் காலை நன்றாகத் துடைத்துக்கொண்டார்.