கமாக்காவின் டெஸ்க்டாப்

அச்சுப்பிழை திருத்தும் மெய்ப்புப் பிரிவு ஆட்கள் மாடிப்படி ஓரத்தில் கை கட்டி நின்றிருந்தார்கள். உள்ளே ஒரு கம்ப்யூட்டர்கூட ஒழுங்காகத் திறக்கவில்லை, அதனால் வேலை இல்லை. டாக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறி வந்ததும் வழிவிட்டார்கள். அவர் ஊசி போடுகிற டாக்டர் அல்ல. அந்தப் பாடநூல் அச்சகத்தின் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பவர் என்பதால் வந்த பட்டம் அது.

பழைய வீடொன்றைத் தடுத்துத் தடுத்து அறைகளாக்கிய அலுவலகம். வெளியே மழை. மேல்மாடியில் பட்டப்பகலிலும் விளக்குப் போட்டாக வேண்டும். ஈரச் சுவரின் வாடையோடு கீழ்த்தளத்து மை வாடையும் கலந்து தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"என்னண்ணே, என்ன ஆச்சு?"

எதிர்சீட்டு தலையைச் சொறிந்தார். வருடக்கணக்காக, மெய்ப்பு வாசித்த கமாக்காவுக்கு எதிரில் உட்கார்ந்ததால் அவருக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. "யார் உக்காந்தாலும் அவங்க ஸ்கிரீன் வரமாட்டேங்குது டாக்டர். வெறும் நீலமா ஒண்ணு வருது. மூலையில மஞ்சளா ஒரு சீட்டு எட்டிப் பாக்குது. நேத்து ஒரு மெஷின்ல, இன்னைக்கு எல்லாத்துலயும்."

அந்த மஞ்சள் சீட்டை டாக்டருக்கு நன்றாகவே தெரியும்.

அந்த அலுவலகத்தில் யாருக்கும் சொந்த மேசை கிடையாது. எந்த இருக்கையில் உட்கார்ந்து பெயரைக் கொடுத்தாலும் அவரவர் கோப்புகளும் படங்களும் சர்வரிலிருந்து தேடி வந்துவிடும். எழுந்து போகும்போது எல்லாம் திரும்ப சர்வருக்குப் போய்ச் சேரும். அதை ஏற்பாடு செய்த அன்று, "இதுக்குப் பேரு ரோமிங். உங்க மேசை உங்க பின்னாடியே அலையும்" என்று டாக்டர் விளக்கினார். "பேய் மாதிரியா?" என்று கேட்டுச் சிரித்தது கமாக்காதான்.

எப்போதாவது சர்வர் மக்கர் செய்தால் நீலத்திரையோடு ஒரு தற்காலிகக் கணக்கு திறக்கும். மஞ்சள் சீட்டு அதைத்தான் எச்சரிக்கும். அதில் எதைச் சேமித்தாலும் வெளியேறிய கணமே அழிந்துபோகும். ஒரு தடம்கூட மிஞ்சாது.

கமாக்கா அச்சுப் பிரதியைக் கமா, ஃபுல்ஸ்டாப் உட்பட வாய்விட்டு வாசிப்பார், எதிர்சீட்டு மூலப்பிரதியைப் பார்த்துக்கொண்டே வருவார். தப்பு வந்தால் கமாக்கா பென்சிலால் மேசையில் ஒரு தட்டு தட்டுவார். பழகிப்போய், டீ சொல்லும்போதுகூட "ஒரு டீ, கமா, சர்க்கரை கம்மி" என்பார்.

போன மாதம் இறந்துபோனார். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின நாளும் வேலைக்கு வந்திருந்தார். மூலை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனை மாட்டி, மகளுக்காக நாள் முழுக்கப் பேசிப் பதிவு செய்தார். சாயங்காலம் டாக்டருக்குப் போன் வந்தது.

"டாக்டர், கமா, என் ஸ்கிரீன் நீலமா இருக்கே?"

டாக்டர் வேறொரு போனில் இருந்தார். ஏதாவது சேமித்தீர்களா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எல்லாருக்கும் சொல்கிற அதே மருந்தைச் சொன்னார். "லாக் ஆஃப் பண்ணிட்டு உள்ள வாங்கக்கா, சரியாயிடும்."

"காலைலேர்ந்து பேசி வெச்சதெல்லாம்?"

"எல்லாம் சர்வர்ல பத்திரமா இருக்குக்கா."

போனை வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஓடிப்போய்ப் பார்த்தபோது கமாக்கா லாக் ஆஃப் செய்துவிட்டுக் கிளம்பியிருந்தார். பதிவுகள் அழிந்ததை டாக்டர் யாரிடமும் சொல்லவில்லை. இன்று சாயங்காலம் கமாக்காவின் மகள் அந்தப் பதிவுகளைக் கேட்டு வரப்போகிறாள்.

டாக்டர் மூலை அறையில் போய் உட்கார்ந்தார். சர்வரில் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்தார். எல்லாரும் வெளியே நிற்கிறார்கள். பட்டியல் காலியாக இருக்க வேண்டும்.

ஒரே ஒரு பெயர் இருந்தது. கமாக்காவின் பெயர்.

அந்தக் கணக்கைக் காரியம் முடிந்த மறுநாள் அவரே தன் கையால் மூடியிருந்தார். பெயருக்கு நேரே கணக்கு திறந்திருக்கும் இடம் தெரிந்தது. கீழ்த்தளத்து டைப் அறை. வெளியேற்றினார். பெயர் மறைந்து மீண்டும் வந்தது.

படிக்கட்டை ஒட்டிய அறை.

மீண்டும் வெளியேற்றினார்.

பக்கத்து அறை.

"அண்ணே," என்று குரல் கொடுத்தார். "பக்கத்து ரூம்ல யாராச்சும் இருக்காங்களா?"

"அங்க மெஷினே இல்லியே டாக்டர். கழட்டி சர்வீசுக்குக் குடுத்தீங்களே."

மழைச் சத்தம் ஒரு கணம் நின்றதுபோல் இருந்தது. திரையில் இடம் தானாகவே மாறியது.

இந்த அறை.

மேசையில் கிடந்த ஹெட்போனிலிருந்து, வாசித்து வாசித்துத் தேய்ந்த அந்தக் குரல் வந்தது.

"இதுல இல்லை, கமா."

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"இதுலயும் இல்லை, கமா."

"அண்ணே, கேக்குதா?" என்றார் கிசுகிசுப்பாக.

எதிர்சீட்டு எட்டிப் பார்த்தார். "என்ன கேக்குது? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு? தண்ணி தரட்டுமா?"

அப்போதுதான் அவருக்குப் பின்னால் கமாக்காவின் மகள் வந்து நின்றாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அம்மாவின் அதே நெற்றி, அதே நேர்ப் பார்வை.

"அங்கிள், அம்மா உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க. எனக்காகப் பேசி வெச்சிருக்காங்களாம்."

எதிர்சீட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து போனார். டாக்டர் திரையில் காலிக் கோப்புறையைத் திறந்து காட்டினார். பொய்யை வரும் வழியிலேயே தயாரித்து வைத்திருந்தார்.

"பாரும்மா, ஒண்ணும் இல்ல. அம்மா பேசணும்னு நெனச்சிருப்பாங்க. முடியாம போயிருக்கும்."

டக்.

மேசையில் பென்சில் எதுவும் இல்லை.

"உடம்பு முடியாம இருந்தாங்கல்ல. ஞாபகப் பிசகா சொல்லியிருப்பாங்க."

டக்.

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டதாகவே தெரியவில்லை. அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நான் நல்லாத் தேடிட்டேன்மா."

டக். டக். டக்.

"நான்தான்மா," என்றார். "அம்மா பேசி வெச்சாங்க. நாள் பூரா பேசினாங்க. என்ன ஏதுன்னு கேக்காம லாக் ஆஃப் பண்ணச் சொல்லிட்டேன். எல்லாம் அழிஞ்சுபோச்சு. பத்திரமா இருக்குன்னும் சொல்லிட்டேன்."

இந்த முறை தட்டும் சத்தம் வரவில்லை.

மகள் அழுவாள், இல்லாவிட்டால் கத்துவாள் என்று நினைத்தார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் குடையை மடித்து மடித்துப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரில அம்மா என்கிட்ட ஒண்ணுமே பேசல அங்கிள். பேசும்மான்னு கெஞ்சுவேன். 'எல்லாம் பேசி வெச்சிட்டேன், கமா, இப்ப பேசினா நீ அழுவே'ன்னு சொல்லிட்டு என் கையப் புடிச்சுட்டுப் படுத்திருப்பாங்க. அவ்வளவுதான்."

ஒரு தாய் கடைசிச் சொற்களை டாக்டருடைய ஒரு வார்த்தையை நம்பி விழுங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

அவள் போனதும் பட்டியலைப் பார்த்தார். பெயர் இல்லை. வெளியே ஒவ்வொரு கம்ப்யூட்டராக உயிர் பெற்றது. "கை ராசி டாக்டர்!" என்று எதிர்சீட்டு கூவினார். டாக்டர் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். ஆறுதல் என்று எதுவும் தோன்றவில்லை. கமாக்கா ஓயவில்லை, வேறெங்கோ தேடப் போய்விட்டார் என்றே மனம் சொல்லிக்கொண்டிருந்தது.

தெருவிளக்குகள் எரியத் தொடங்கிய நேரத்தில் அவருடைய போன் அடித்தது. மகள்தான்.

"அங்கிள்." மூச்சு வாங்கினாள். "வீட்ல என் பழைய லேப்டாப் தானா ஆன் ஆயிடுச்சு. நெட்டே இல்ல இதுல. அம்மா பேரு வருது. ஸ்கிரீன் நீலமா இருக்கு. மூலையில மஞ்சளா ஏதோ..."

அவர் நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

"எனக்குப் பயமா இருக்கு. ஆஃப் பண்ணிடட்டுமா?"

"வேண்டாம்!" என்று கத்தினார். தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "எதையும் தொடாதம்மா. அதுல ஏதாச்சும் சத்தம் வருதா?"

"ஒண்ணும் வரலியே."

ஆனால் அவருக்குக் கேட்டது. மகளின் மூச்சுக்குப் பின்னால், தெளிவாக, நிதானமாக, ஒருவர் வாசிக்கத் தொடங்குவதற்கு முன் தொண்டையைச் செருமும் ஒலி. பிறகு முதல் சொல். அது மகளை அவள் அம்மா மட்டும் கூப்பிடுகிற செல்லப்பெயர் என்று கேட்டதுமே புரிந்தது. இது தனக்குக் கேட்கிறது, கேட்க வேண்டியவளுக்குக் கேட்கவில்லை.

"பேப்பர் இருக்கா? பேனா எடு. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கோ."

"என்ன எழுதணும் அங்கிள்?"

"எழுதிக்கோ."

காகிதம் சரசரத்தது. டாக்டர் கண்களை மூடிக்கொண்டு, காதில் விழுந்ததை அப்படியே சொல்ல வாயைத் திறந்தார்.

"புள்ளிக்குட்டி, கமா."

சரசரப்பு நின்றது.

தன் வாயிலிருந்து வந்தது தன் குரல் இல்லை என்று அவருக்கும் அதே கணத்தில்தான் தெரிந்தது.

"அம்மா?" என்றாள் மகள்.