உறைக்குள் இல்லாத மதிப்பெண்

காலை 9:20. கல்லூரிச் சேர்க்கை அலுவலகத்தில் ஒரு மாணவியின் கோப்பு விரிந்து கிடந்தது. நுழைவுத் தேர்வு மதிப்பெண் தாள் இருக்கவேண்டிய பழுப்பு உறை காலி. சேர்க்கைப் பட்டியல் பதினோரு மணிக்கு அச்சுக்குப் போகிறது. மறுபிரதி வர மூன்று நாளாகும்.

வரும் தாள்களைப் பதிந்து வைக்கும் பதிவறை அக்கா உறையைத் தலைகீழாக உதறிப் பார்த்தாள். இருபது வருடத்தில் ஒரு துண்டுக் காகிதம்கூட அவள் கையில் தொலைந்ததில்லை. அறுபதுக்குக் கீழே எடுத்தால் கோப்பு நேரே கழிவு அலமாரிக்கு. எழுபதுக்கு மேல் என்றால் இடம் உறுதி. தாள் வராதவர்களை விண்ணப்பத்தோடு எழுதிய கட்டுரையை வைத்துப் பார்ப்பார்கள், ஆனால் அந்த வழியில் பத்து இடத்துக்கு நானூறு பேர். பாவம், அந்தப் பெண்ணின் படிப்பே இப்போது அந்தத் தாளில்தான் இருந்தது.

9:45. முதல்வர் துணை அலுவலரைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க அண்ணன் பொண்ணும் இதே பாடத்துக்குத்தானே போட்டிருக்கு?"

"அதுக்காக நான் திருடுவேனா சார்? நேத்து மூணு மணிக்குக் கட்டோட கணக்கு வாத்தியார்கிட்ட கொடுத்தேன். அதுக்கப்புறம் நான் தொடவே இல்ல."

கோப்புகளை மதிப்பிடும் கணக்கு வாத்தியார் கண்ணாடியைத் துடைத்தார். "கட்டுரையப் படிச்சேன், உறையத் தொறந்தேன். காலியா இருந்துச்சு. அவ்வளவுதான்."

'கண்ணீருக்கு மார்க் கிடையாது' என்று கூட்டத்துக்குக் கூட்டம் முழங்குகிற மனுஷன். அவரைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை.

அக்கா வரவுப் பதிவேட்டைப் புரட்டினாள். எண்களைப் பார்க்காமல் பக்கங்களை மட்டும் குறிப்பது அவள் வழக்கம். அந்த மாணவிக்கு நேரே 'தாள் ஒன்று, இருபுறம்' என்று அவள் கையெழுத்தே இருந்தது. அடுத்து, வாத்தியாரின் நேரக் குறிப்பை எடுத்தாள். ஒவ்வொரு கோப்புக்கும் பன்னிரண்டு நிமிடம், பதின்மூன்று நிமிடம். இதற்கு மட்டும் 4:10 முதல் 4:50 வரை.

10:20.

"சார், உறை காலின்னா ரெண்டு வார்த்தை எழுதிட்டு அடுத்ததுக்குப் போயிருக்கலாமே. தாளே இல்லாத கோப்புக்கு நாப்பது நிமிஷம் எதுக்கு?"

வாத்தியார் மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தப் பொண்ணைக் கெடுக்க யாரும் எடுக்கல. தாள் இல்லேன்னா கட்டுரைய வச்சுப் பாப்பாங்கன்னு, காப்பாத்தத்தான் எடுத்தீங்க. நீங்கதான் எடுத்தீங்க."

அவர் சட்டைப்பைக்குள் கைவிட்டு, நான்காக மடித்த தாளை மேசைமேல் வைத்தார்.

"அம்பத்தெட்டும்மா. அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த மறுநாள் போய் எழுதியிருக்கா. கட்டுரையில படிச்சேன். கழிவுல போடக் கை வரல."

அக்கா தாளைப் பிரித்தாள்.

"திருப்பிப் பாத்தீங்களா சார்?"

"எதுக்கு?"

"ரெண்டாந்தடவை எழுதினவங்களுக்குத்தான் பின்பக்கமும் அச்சாகி வரும். நூத்துல ஒண்ணு வந்தாலே அதிசயம். அதான் இருபுறம்னு குறிச்சிருந்தேன்."

பின்பக்கத்தில் எழுபத்து நான்கு என்று இருந்தது. இரண்டில் அதிகமானதைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

வாத்தியார் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "அடக் கடவுளே! அவளால முடியாதுன்னு நானே முடிவு கட்டிட்டேனே."

10:50. மாணவியின் பெயர் பட்டியலில் ஏறியது. முதல்வர் வாத்தியாரிடம் விளக்கக் கடிதம் கேட்டார். அவர் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தார். போகும்போது கழிவு அலமாரியின் முன் நின்றார். முந்நூறு கோப்புகள், எல்லாவற்றிலும் அவருடைய கையெழுத்து.

"இதுல எத்தனை பேருக்கும்மா ரெண்டாந்தடவை எழுத வாய்க்கல?"

அக்காவின் பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.