கூடுதலாக ஒருவர்

அன்றைக்கும் கணக்கு உதைத்தது. பனிக்கூடத்துக்குள் போனவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். வெளியே வந்தவர்கள் நானூற்றுப் பதின்மூன்று.

கட்டுப்பாட்டு அறைத் திரையில் ‘மைனஸ் ஒன்று’ என்று சிவப்பாக நின்றது. உள்ளே போகாத ஆள் ஒருவர் வெளியே வந்திருக்கிறார். இது பதினோராவது இரவு.

அந்தக் கேளிக்கைப் பூங்காவில் எல்லோரும் அவனை மின்மினி என்றுதான் கூப்பிடுவார்கள். ராட்டினம் முதல் கழிப்பறை வரை பழைய பல்புகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஆள் வந்தால் எரிந்து ஆள் போனால் அணையும் விளக்குகளை மாட்டிய எலெக்ட்ரீஷியன் அவன். ஆளில்லாத இடத்தில் வெளிச்சம் எதற்கு என்பது அவனுடைய வேதவாக்கு. வீட்டிலும் மனைவி அடுப்படியை விட்டு நகர்ந்தால் பின்னாலேயே போய் ஸ்விட்சைத் தட்டுவான். “உங்களுக்கு வாக்கப்பட்டதுக்குப் பேசாம ஒரு வௌவாலுக்கு வாக்கப்பட்டிருக்கலாம்” என்பாள் அவள்.

பனிக்கூடத்தில் அவன் தன் கைவரிசை முழுவதையும் காட்டியிருந்தான். வருடம் முழுக்கச் செயற்கைப் பனி கொட்டிக் கிடக்கும் குளிர்க் கிடங்கு அது. கூரையில் முப்பது விளக்குகள். கீழே அசைவிருந்தால் எரியும், அரை நிமிடம் அசைவில்லை என்றால் அணையும். வாசலுக்கு மேலே ஆள் எண்ணும் கண் ஒன்று. கடைசி ஆளும் வெளியேறி எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் குளிர்விசிறி தவிர மற்ற எல்லாவற்றுக்குமான மெயின் தானாக விழும், கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் திறப்பதற்கு ஒரு குமிழும், குமிழ் தெரிவதற்காக அதன் மேல் ஒரு பச்சை விளக்கும் உண்டு. இது ராத்திரி முழுக்க யாருக்காக எரிகிறது என்று அந்தப் பச்சை விளக்கையும் அவன் அதே மெயினில் சேர்த்துவிட்டான். மின்சாரத்தில் நாற்பத்திரண்டு சதவிகிதம் மிச்சம். மேனேஜர் தோளில் தட்டி, அடுத்து திறக்கப்போகும் பூங்காவுக்கு நீதான் தலைமை என்றார்.

எண்ணும் கண் அவ்வப்போது தப்புச் செய்யும் என்பது அவனுக்குத் தெரியும். அப்பாவின் இடுப்பில் ஏறி உள்ளே போகும் குழந்தையை அது கணக்கில் எடுக்காது. அதே குழந்தை இறங்கி நடந்து வெளியே வந்தால் ஒன்று கூடிவிடும். நடந்து போன பிள்ளை தூங்கிப்போய்த் தோளில் வந்தால் ஒன்று உள்ளேயே நிற்கும். அதனால் எண் பூஜ்யமாகாத இரவுகளில் கடவுச்சொல்லைப் போட்டு அவனே பூஜ்யத்தை அழுத்துவான். எல்லா இரவும் அப்படித்தான் நடந்தது.

ஆனால் பதினோரு இரவும் பிசகாமல் ஒன்றேயொன்று கூடுமா? பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை. அதைவிட மோசமான யோசனை ஒன்று நாலைந்து நாளாக அவன் தொண்டையில் முள்ளாகச் சிக்கியிருந்தது. வெளியே வந்தவன் மறுநாளும் வெளியே வரவேண்டுமென்றால், நடுவில் உள்ளே போயிருக்க வேண்டும். கண் திறந்திருக்கும்போது போகவில்லை. அப்படியானால் மெயின் விழுந்த பிறகு, இருட்டில் போகிறான்.

இந்தப் பதினோரு இரவுக்கும் முந்தைய இரவைப் பற்றி அவன் நினைக்க விரும்பவில்லை. அன்றைக்குத் திரையில் மைனஸ் இல்லை. ‘ஒருவர் உள்ளே’ என்றிருந்தது. தூங்கும் குழந்தைதான் என்று அவன் பூஜ்யத்தை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போனான்.

அன்று சாயங்காலம்தான் மச்சானோடு சண்டை. மனைவியின் அண்ணன். அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். நீல நிறக் குளிர்கோட்டும் கனத்த பூட்ஸுமாகப் பனியைக் கிளறிச் சமன் செய்வது அவர் வேலை.

“மாப்ள, கொஞ்ச நேரம் மூச்சு வாங்க நின்னா இருட்டாயிடுது. கையை ஆட்டிக்கிட்டே இருக்க நான் என்ன கூத்தாடியா? அரை நிமிஷத்தை அஞ்சு நிமிஷமாக்கிவிடு.”

“நின்னா அணையத்தான் செய்யும் மச்சான். வேலை செய்யுங்க, எரியும்.”

பத்துப் பேருக்கு முன்னால் சொன்னான். அவர் முகம் சுண்டிப்போயிற்று. நாளையிலிருந்து வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு, வாரியைத் தூக்கிக்கொண்டு கடைசியாக ஒருமுறை பனியைக் கிளற உள்ளே போனார். மறுநாள் வரவில்லை. கோபம் வந்தால் மாதக்கணக்கில் மறைந்துவிடுகிற மனிதர் என்பதால் யாரும் தேடவில்லை.

இந்தப் பதினோராவது இரவிலும் அவன் பூஜ்யத்தை அழுத்தினான். மெயின் விழுந்தது. அப்போது மனைவியின் போன் வந்தது. அவர்கள் குடியிருந்த வீடு பூங்காவின் பின்சுவரை ஒட்டியே இருந்தது. ஐந்து நிமிட நடை.

“என்னங்க, அண்ணனோட ஹவுஸ் ஓனர் பேசினாரு. பன்னெண்டு நாளா ரூம் பூட்டியே கிடக்காம். எனக்கு என்னமோ பயமா இருக்குங்க.”

“எங்கயாவது கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பாரு. நீ பாப்பாவைத் தூங்க வை.”

சொல்லிவிட்டானே தவிர, குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. பணியாளர் அறைக்குப் போய் மச்சானின் பெட்டியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்தான். உள்ளே அவருடைய சட்டை மடித்து வைக்கப்பட்டிருந்தது. செருப்பு இருந்தது. உயிரில்லாத போன் ஒன்றும் இருந்தது. கோட்டும் பூட்ஸும் மட்டும் இல்லை.

செருப்பை விட்டுவிட்டு எந்த மனிதன் கோபித்துக்கொண்டு போவான்?

இரவுக் காவலருக்கு மேஜர் என்று பட்டப்பெயர். பட்டாளத்தை அவர் டிவியில் பார்த்ததோடு சரி. அவரைக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார வைத்து மெயினைப் போட்டான்.

“மேஜர், நான் உள்ள போறேன். திரையில ஒண்ணுன்னு காட்டும். அது நான்தான். எதையும் தொடாதீங்க.”

“நான் ஏன் சார் தொடறேன்? நீங்க வெளிய வந்தா அதுவே ஜீரோவாகி அதுவே அணைஞ்சிடப் போகுது” என்றார் மேஜர்.

கனத்த கதவு அவனுக்குப் பின்னால் பொதுக்கென்று மூடிக்கொண்டது. ஃப்ரிட்ஜைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அந்த வாசனையற்ற வாசனை மூக்கைச் சுட்டது. எங்கோ மேலே குளிர்விசிறிகள் ஒரே சுருதியில் உறுமின. அவன் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் பனி நறநறவென்று நொறுங்க, தலைக்கு மேலே ஒரு விளக்கு விழித்துக்கொண்டது, அவன் தாண்டிப்போன விளக்குகள் அரை நிமிடம் காத்திருந்துவிட்டு ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. பனிக்கரடி பொம்மையையும் பிளாஸ்டிக் பென்குயின்களையும் கடந்து நடந்தான். திரும்பிப் பார்த்தபோது வாசல் பக்கம் முழு இருட்டாக இருந்தது, அந்த இருட்டில் பச்சை விளக்கு மட்டும் சின்னதாக எரிந்தது. இத்தனை நாளில் அந்த விளக்கைப் பார்த்து அவனுக்கு ஆறுதல் வந்தது அன்றைக்குத்தான்.

சறுக்கு மேட்டுக்குப் பின்னால் பார்வையாளர்கள் வருவதில்லை. மச்சான் போன பிறகு அங்கே யாரும் கிளறவும் இல்லை. எந்திரம் தினமும் புதுப்பனியைக் கொட்டக் கொட்ட, அது ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தது. குவியலிலிருந்து ஒரு மரப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது.

வாரியின் பிடி.

மண்டியிட்டுக் கையால் தோண்டினான். “மச்சான், மச்சான்” என்று வாய் தானாக முணுமுணுத்தது. விரல்கள் முதலில் வலித்தன, பிறகு மரத்தன. மேல்பனி பொலபொலவென்று சரிந்தது. உள்ளே ஒரு குழி.

சுவரில் முதுகு சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு ஓர் ஆள் உட்கார்ந்திருந்த குழி. முதுகின் வளைவு பதிந்திருந்தது. குதிகால் இரண்டும் பதிந்திருந்தன. பனி அங்கே உருகி மறுபடி உறைந்து கண்ணாடியாக இறுகியிருந்தது. கை வைத்துப் பார்த்தான்.

காலி.

பின்னால் நறநற என்று சத்தம் கேட்டது. அவன் அசையவில்லை. சத்தம் அவனை நோக்கி வரவில்லை. விலகிப் போனது.

மேட்டைச் சுற்றி எட்டிப் பார்த்தான். தூரத்தில் ஒரு விளக்கு எரிந்தது. அதன் கீழே நீலக் கோட்டு, முதுகு மட்டும் தெரிய, வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவசரமில்லாத நடை. அடுத்த விளக்கு எரிந்தது. அதற்கடுத்தது.

“மச்சான்!”

நீலக் கோட்டு நின்றது. திரும்பவில்லை. கொஞ்சமும் அசையாமல் நின்றது. தோள் ஏறி இறங்கவில்லை. மூச்சு விட்டால் அங்கே புகை வரவேண்டும், வரவில்லை. அரை நிமிடம் ஆனது. விளக்கு அணைந்தது.

அவனுக்கு மேலிருந்த விளக்கும் அணைந்தது. அவனும் அசையாமல்தான் நின்றிருந்தான்.

பச்சைப் புள்ளி மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் மறைந்தது. யாரோ அதற்கு முன்னால் போய் நின்றிருந்தார்கள்.

குமிழ் திரும்பும் சத்தம். கதவு திறந்தது. வாசல் விளக்கு பளிச்சென்று எரிய, நீல முதுகு வெளியே போனது.

பொதுக்.

அப்போதுதான் அவன் மூளையில் கணக்கு ஓடியது. உள்ளே போனவர் ஒருவர். வெளியே வந்தவர் ஒருவர்.

பூஜ்யம்.

“மேஜர்! நான் உள்ள இருக்கேன்!” அலறிக்கொண்டே ஓடினான். மூன்று விளக்குகள் எரிந்தன. நாலாவது எரியவில்லை. எங்கோ சுவருக்குள் டொக்கென்று மெயின் விழுந்தது. பச்சை விளக்கும் போயிற்று. அவன் சேர்த்து வைத்த மெயின். பனிக்கரடியில் மோதி விழுந்தான். எழுந்தான். எந்தப் பக்கம் வாசல்?

போனை எடுத்தான். மூன்று சதவிகிதம். டார்ச் எரிய மறுத்தது. மேஜரைக் கூப்பிட்டான், எடுக்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே நகர்ந்தான். எல்லாம் ஒரே வழவழப்பு. ஒரே குளிர். பிறகு விரல்களுக்குப் பள்ளங்கள் தட்டுப்பட்டன. சுவரில் படிந்த உறைபனியில் நீள நீளமாக, ஐந்தைந்தாக. மேலே, கீழே, மறுபடி மேலே. யாரோ இதே சுவரில் இதே குமிழைத் தேடியிருக்கிறார்கள். அவன் விரல்கள் அந்தத் தடங்களில் சரியாகப் பொருந்தின. அழுகை வந்தது.

போன் அடித்தது. மனைவி.

“என்னங்க! அண்ணன் வந்துட்டாரு!” அவள் குரலில் சந்தோஷம் வழிந்தது. “வாசல்ல நிக்கிறாரு. நேரா வேலையிலேருந்துதான் வராராம்.”

“கதவைத் திறக்காத!”

“ஹலோ? கேக்கலைங்க, விட்டு விட்டு வருது... உள்ள வாங்கண்ணே. ஐயோ, கையெல்லாம் என்னண்ணே இப்படி ஜில்லுன்னு... என்னங்க, பாப்பா தூங்கற இடத்தையே பார்த்துக்கிட்டு அசையாம நிக்கிறாரு.”

“பாப்பாவைத் தூக்கிக்கிட்டு ஓடு! கேக்குதா? ஓடு!”

“என்னண்ணே? லைட்டா? கண்ணு கூசுதா? இருங்க, அணைச்சிடறேன்.”

“அணைக்காதடி!” என்று தொண்டை கிழியக் கத்தினான். பிறந்ததிலிருந்து அவன் சொல்லாத சொல்.

சொடுக்கென்று ஸ்விட்ச் சத்தம் போனில் தெளிவாகக் கேட்டது.

பிறகு நறநற என்றது. வீட்டுச் சிமெண்டுத் தரையில் பனி நொறுங்கும் சத்தம்.

“அண்ணே?” என்றாள் அவள் இருட்டில். “எங்கண்ணே போனீங்க? பாப்பா எங்க?”