எழுந்து போகாத ஊர்

பிற்பகல் மூன்று ஐந்துக்கு மீன் குளிர்பதனக் கிடங்கின் அமோனியாக் குழாய் வெடித்தது. மூன்று ஆறுக்கு ஊரிலிருந்த ஒன்பதாயிரம் பேரின் காதிலும் ஒட்டியிருந்த செவிப்பொட்டு என்ற சின்ன ஒலிக்கருவி அதிர்ந்தது. மூன்று ஏழுக்குக் கதை தொடங்கிவிட்டது.

கதையாக இல்லாத எந்த அறிவியலையும் அந்த மக்கள் காதில் வாங்குவதை விட்டு இருபது வருடமாகிறது. சர்க்கரை நோய் முதல் சந்திர கிரகணம் வரை எல்லாவற்றையும் கதையாக்கி என்ற இயந்திரம்தான் கதை கட்டிச் சொல்லித்தந்தது. வெறும் தகவல் வந்தால் இயந்திரத்தில் கோளாறு என்று புகார் செய்வார்கள்.

கதையாக்கியை வடிவமைத்த ஜெனிட்டா, பக்கத்து நகரத்துக் கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்த்தபடி நின்றாள்.

"பதினஞ்சு நிமிஷத்துல கடல்காத்து புகைய ஊருக்குள்ள தள்ளிரும் மேடம்," என்றான் உதவியாளன் கார்மேகம். "கேக்குறவங்க தொண்ணூத்தொம்பது சதவீதம்."

"நடக்குறவங்க?"

"ஒருத்தரும் இல்ல."

கதை அருமையாகத்தான் இருந்தது. பாண்டியம்மாள் என்று ஒரு வலை பின்னும் பெண். மூக்கில் சுள்ளென்று வாடை ஏறுகிறது. அமோனியா தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால் முந்தானையை நனைத்து முகத்தில் கட்டுகிறாள். காற்றுக்குக் குறுக்கே, தெற்கு நோக்கி ஓட வேண்டும். ஆனால் கதவு பூட்டிக் கிடக்கிறது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஜெனிட்டா அந்த ஊரிலிருந்த தன் தம்பி வின்ஸ்டனை அழைத்தாள்.

"எலேய், ஈரத்துணிய மூஞ்சில கட்டிட்டு கலங்கரை விளக்கத்துக்கு ஓடுல. பிள்ளையத் தூக்கிக்கோ."

"ஒரு நிமிசம் இரு அக்கா. அவ கதவ ஒடைக்கப் போறா."

"கதை இல்லல. நெசமாவே வருது."

"கதையிலயும் அப்படித்தான் சொல்லுதாவ," என்று வைத்துவிட்டான்.

கேட்பவர் பாதியில் எழுந்து போகக் கூடாது என்பது கதையாக்கியின் முதல் விதி. எழுதியவள் ஜெனிட்டாதான். அதற்காக விருதும் வாங்கியிருந்தாள்.

"அத அணைங்க. நான் பேசுறேன்."

"அணைச்சா மறுபடி எழும்ப முக்கால் மணி நேரம் ஆகும் மேடம்."

"அணைங்க."

ஒலிவாங்கியைப் பிடித்தாள். "பாண்டியம்மாள் கதவை உடைத்தாள். அதற்குப் பிறகு நடந்தது தெற்கே கலங்கரை விளக்கத்தடியில் மட்டும்தான் கேட்கும். முகத்தில் ஈரத்துணி இல்லாதவர்களுக்குக் கேட்காது."

திரையில் ஆளுக்கொன்றாகக் கிடந்த புள்ளிகள் நகர ஆரம்பித்தன. தெருக்கள் நிரம்பி வழிந்தன. மூன்று இருபத்திரண்டுக்கு வெண்புகை ஊருக்குள் நுழைந்தபோது வீடுகளில் ஒரு புள்ளிகூட இல்லை. ஜெனிட்டா நாற்காலியில் விழுந்து அழுதாள்.

வின்ஸ்டன் அழைத்தான். "வந்தாச்சுக்கா. பிள்ளையும் இருக்கு."

"திரும்பிப் பாருல."

"நம்ம தெருவே தெரியலக்கா. எல்லாம் வெள்ளையா கெடக்கு." அவனுக்குப் பின்னால் பெருங்கூட்டத்தின் முணுமுணுப்பு கேட்டது. "சரி, அவ தப்பிச்சாளா இல்லையா?"

"நீங்க தப்பிச்சிட்டீங்கல்லா. அதான் முடிவு."

"அது ஒரு முடிவாக்கா? இங்க ஒண்ணுமே கேக்கல. வீட்டுலதான் நல்லா கேட்டுச்சுன்னு பாதிப் பேரு திரும்பிப் போறாவ."

திரையில் புள்ளிகள் வடக்கே, புகையை நோக்கி ஊர ஆரம்பித்திருந்தன.

"புகை கலைய எவ்வளவு நேரமாகும்?"

"ரெண்டு மணி நேரம்," என்றான் கார்மேகம்.

ஜெனிட்டா ஒலிவாங்கியை வாயருகே கொண்டு போனாள். செவிப்பொட்டில் அவள் மூச்சு கேட்டதும் ஒன்பதாயிரம் பேரும் அப்படியே நின்றார்கள். அவளுக்குக் கதை சொல்ல வராது. அதனால்தான் அந்த இயந்திரத்தையே செய்தாள்.