நடக்கிற வயசு

"ஏலே முகேசு, ஒங்கம்மாகிட்டச் சொல்லு, சட்னியில உப்பு இல்லைன்னு."

நாகஜோதி நாலடி தூரத்தில்தான் நின்றாள். ஆனாலும் சுருளிவேல் மகன் வழியாகத்தான் பேசினான். நாலு மாசமாக இப்படித்தான். ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் மூன்று நாள்தான் வீட்டில் இருப்பான். அந்த மூன்று நாளும் அவளுக்கு நெருப்பு.

"இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல போலீஸ் கூட்டமாம்ல? கேஸ் ஆனவுக மேடையேறிப் பேசணுமாம்ல? போயி நல்லா நிக்கச் சொல்லு! பெத்த மகனுக்கே சாவியக் குடுத்து எமன்கிட்ட அனுப்புன மகராசிய ஊரே பாக்கட்டும்!"

முகேஷ்குமார் தலையைக் குனிந்து கொண்டான். நெற்றியிலிருந்து காது வரைக்கும் தையல் போட்ட தழும்பு. அடுப்படி வாசலில் நின்ற கண்ணம்மாள் கையிலிருந்து தம்ளர் நழுவி உருண்டது.

நடந்தது இதுதான். கண்ணம்மாள் சுருளிவேலின் அக்காள். புருசன் செத்த பிறகு தம்பி வீடே கதி என்று வந்தவள். பிள்ளை கிடையாது, முகேஷ் மேல் உயிர். மாசி மாசம் ஒரு மத்தியானம் அவன் பைக் சாவி கேட்டு அத்தையைப் பிடுங்கி எடுத்தான். நாகஜோதி கொல்லையில் துணி துவைத்துக் கொண்டிருந்தாள்.

"ஏத்தா, இவனுக்கு வயசு என்ன?" என்று கண்ணம்மாள் உள்ளேயிருந்து கத்தினாள்.

"பதினெட்டு நடக்குது மதினி!"

பதினெட்டு முடிய இன்னும் பத்து மாசம் கிடந்தது. 'நடக்குது' கண்ணம்மாள் காதில் நிற்கவில்லை, பதினெட்டுதான் நின்றது. பதினெட்டு என்றால் ஓட்டலாம் என்று டீவியில் சொன்னார்களே! சாவியைக் கொடுத்து விட்டாள்.

பெரியகுளம் ரோட்டில் வைக்கோல் ஏற்றி நின்ற டிராக்டரில் கொண்டுபோய் விட்டான் பயல். ஹெல்மெட்டும் இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த கூட்டாளி பிராங்க்ளினுக்குக் கால் முறிந்து கம்பி வைத்தார்கள். இவனுக்கு மண்டையில் அடி, பதினோரு நாள் நினைவு இல்லை. சாவி கொடுத்தது யார் என்று கேட்டால் இன்றைக்கும் முழிக்கிறான்.

ஆஸ்பத்திரியில் போலீஸ் கேட்டபோது கண்ணம்மாள் நடுங்கினாள். "எவ குடுத்தாளோ அவ என் வாசப்படிய மிதிக்கக் கூடாது!" என்று சுருளிவேல் குதித்தான்.

"நாந்தேன் குடுத்தேன்" என்றாள் நாகஜோதி.

பெண்டாட்டியைத் துரத்தினால் நாலு பேர் நியாயம் கேட்பார்கள். தாலியறுத்த அக்காளைத் துரத்தினால் எவன் கேட்பான்? வண்டியும் நாகஜோதி பேரில் இருந்தது. கேஸ் அவள் மேலேயே விழுந்தது.

சொன்னது பொய்யா? அதுதான் அவளுக்கு விளங்கவில்லை. சாவியைக் கொடுக்கவில்லை, சரி. ஆனால் பதினெட்டு என்று சொன்ன வாய் யாருடையது...?

வத்தலக்குண்டு பள்ளிக்கூடத்தில் சாலைப் பாதுகாப்புக் கூட்டத்துக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஜீனத் நாகஜோதியைக் கைபிடித்து மேடையில் ஏற்றினார். "அசிங்கப்படுத்தக் கூப்பிடலம்மா. நடந்ததச் சொல்லுங்க, அது போதும்" என்றார். போலீஸ் இனிக்கப் பேசினால் பயம் கூடத்தான் செய்யும். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டாள்.

"எனக்குப் பேச வராதுங்க... நம்ம பக்கம் வயசு கேட்டா நடக்குற வயசத்தேன் சொல்லுவோம். சோசியருக்கு அது சரி. வண்டிக்கு ஆகாது. பதினெட்டு முடியணும், லைசென்சும் வாங்கணும். அது எனக்கு வெளங்கல. அந்த ஒரு சொல்லுல பிராங்க்ளின் தம்பி காலு ஒடஞ்சு போச்சு. எம்மகன் என்னைய அம்மான்னு கூப்பிடப் பதினோரு நாளாச்சு..."

"சாவியக் குடுத்துட்டுக் கதை சொல்லுது பாரு!" என்று பின்னால் ஒருத்தன் சொன்னான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"எவன்டா சிரிச்சது?" கூட்டத்தில் உட்கார்ந்திருந்த கண்ணம்மாள் எழுந்து விட்டாள். "சாவி குடுத்தது நாந்தேன்! பாவி நாந்தேன்! அவ எனக்காகப் பழிய வாங்கிக்கிட்டா. நாலு மாசமா அவ சோத்தத் தின்னுக்கிட்டு ஊமையாக் கெடந்தேன்!"

கேட்டில் சாய்ந்து நின்ற சுருளிவேல் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தான்.

"அக்கா... நீயா? அப்ப நீ ஏன்டி..." பெண்டாட்டியிடம் நேராகப் பேசி விட்டதைக்கூட அவன் கவனிக்கவில்லை. யார் மேல் பாய்வது என்று கண் இங்கும் அங்கும் ஓடியது. கடைசியில் அக்காளைப் பார்த்துக் கையை நீட்டினான். "இனிமே வீட்டுப் பக்கம் வராத!"

"அவுக வராட்டி நானும் வரல!"

நாகஜோதிதான். பதினெட்டு வருசத்தில் அவள் அவனை எதிர்த்துப் பேசியதே இல்லை. மைக் அவள் கையிலேயே இருந்தது, பந்தல் முழுக்கக் கேட்டது.

"மதினி சாவிதேன் குடுத்துச்சு. ஆசையக் குடுத்தது யாரு? பதினஞ்சு வயசுலயே லாரி ஓட்டுனேன்னு தெனமும் அவங்கிட்டப் பெருமையடிச்சது யாருங்க?"

சுருளிவேல் நீட்டிய கையை இறக்கினான். கோபத்துக்கு ஒரு ஆள் போதும். மூன்று ஆளாகி, அதில் தானும் ஒருத்தன் என்றால் மனுசன் என்ன செய்வான்? மேடையேறி மைக்கை வாங்கினான் சுருளிவேல்.

"ஓட்டுனேன். பொய்யில்ல. ரெண்டாம் நாளே சைக்கிள்ல போன ஒரு அம்மா மேல ஏத்தியிருப்பேன். பக்கத்துல இருந்த டிரைவரண்ணன் ஸ்டேரிங்கத் திருப்புனாரு. இல்லைன்னா கொலகாரன். அத மட்டும் எம்மகன்கிட்டச் சொன்னதே இல்ல." அக்காள் பக்கம் திரும்பினான். "அக்கா... சொன்னத மனசுல வச்சுக்காத. வீட்டுக்கு வா."

யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைகள் வரிசையில் முகேஷ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான்.

நாகஜோதி இறங்கி ஓடினாள். "மதினி, அழுகாதீக!" என்று கட்டிக்கொண்டாள். "நீ அழுகாத ஆத்தா!" என்று கண்ணம்மாள் நாகஜோதியின் முந்தானையாலேயே அவள் கண்ணைத் துடைத்தாள். யார் யாரைத் தேற்றுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளங்கவில்லை. அவர்களுக்கும்தான்.