மூடியில்லாத பியானோ

ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் பரிபூரணம் ரயிலைவிட்டு இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. லண்டனில் படித்துவிட்டு வந்து, சென்னையிலும் ரங்கூனிலும் பியானோ கச்சேரி செய்து, பத்திரிகையில் படம் வந்தவள் அவள். ஆனாலும் குடையோடு வந்த அண்ணன் பால்துரைக்கு அவள் இன்னும் சளி பிடிக்கும் தங்கச்சிதான்.

"ஏட்டி, தலைய மூடு. கொழும்புக்குப் போற வரைக்குமாவது காய்ச்சல் வராம இரு."

கொழும்புக் கச்சேரிக்குப் போகும் வழியில் அண்ணன் வீட்டில் சில நாள் தங்க வந்திருந்தாள். அது நன்றாக அமைந்தால் சீமையிலேயே மேடை ஏற்றுவதாகப் பேச்சு இருந்தது. பிழைப்பும் பெயரும் அந்த ஒரு கச்சேரியில் நின்றன. அதற்குள் விரல்கள் மரத்துப்போகக் கூடாதே! ஊரில் பியானோ இருந்த ஒரே இடம் பழைய மிஷன் பங்களா. சிறுவயதில் அவள் வாசிக்கக் கற்றதும் அங்கேதான்.

கற்றுக்கொடுத்தவர் டோரா மிஸ்ஸியம்மாள் என்ற வெள்ளைக்கார அம்மாள். பக்கத்தில் நின்று விரல் முட்டியால் பியானோ மூடியைத் தட்டித் தாளம் போடுவார். டொக், டொக், டொக். தாளம் மயிரிழை பிசகினாலும் திட்டமாட்டார், அடிக்கமாட்டார். சேர்த்தாற்போல் இரண்டு தட்டு தட்டுவார். முதலிலிருந்து வாசி என்று அர்த்தம். மூக்கு வழிந்தாலும், அழுதாலும், முதலிலிருந்து.

பரிபூரணம் லண்டனில் இருந்தபோது அந்த அம்மாள் காலராவில் போய்ச் சேர்ந்தார். செய்தி கேட்டு அவள் தேம்பி அழுதாள். அழுது முடித்தபின் தாளத்தைத் தன் மனம்போல இழுத்தும் விட்டும் வாசிக்கத் தொடங்கினாள். உயிருள்ள வாசிப்பு என்று அவளை ஊர் ஊராகக் கொண்டுபோனது அதுதான்.

பங்களாவைப் பார்த்துக்கொண்டிருந்த ஏசம்மாள் கதவைத் திறந்துவிட்டாள். வௌவால் நாற்றமும் ஈரச் சுண்ணாம்பு வாடையும் முகத்தில் அடித்தன. மத்தியானம்தான், ஆனால் மேற்கே மலை இருந்த இடமே தெரியாமல் மேகம் இறங்கியிருந்ததால் கூடம் இருண்டு கிடந்தது. மேசை மாதிரி நீள்சதுரமான பழைய பியானோ அது. மேலே சமுக்காளம் போர்த்தியிருந்தார்கள். பரிபூரணம் அதை இழுத்தாள். உள்ளே கம்பிகள் எல்லாம் வெளியே தெரிந்தன.

"மூடி எங்க?"

ஏசம்மாள் முந்தானையைத் திருகினாள். "அது மிஸ்ஸியம்மாகூடப் போயிட்டு தாயி."

"எங்க போச்சு?"

"வாந்திபேதியில ஊரே காலி. ஆசாரி ஒருத்தரும் இல்ல. பெட்டியில்லாம அவியள மண்ணுல போட மனசு வருமா? எங்க வீட்டுக்காரரு கதவைப் பேத்துப் பெட்டி அடிச்சாரு. மேல மூட அம்புட்டு நீளத்துக்குப் பலகை இல்ல. பொறவு இதைக் கழட்டித்தான் மூடினோம். அவிய தினமும் தொட்ட பலகைதானேன்னு நெனச்சோம்."

அந்த அம்மாளின் கல்லறை ஜன்னலுக்கு வெளியேதான், மருத மரத்தடியில் இருந்தது. நல்ல மனசோடு செய்த காரியம். இதில் யாரைக் குறை சொல்வது?

பரிபூரணம் உட்கார்ந்து, கொழும்பில் வாசிக்கப்போகும் மெதுவான பாட்டைத் தொடங்கினாள். ஓர் இடத்தில் ஒரு சுரத்தைப் பிடித்து, விட மனமில்லாமல் கொஞ்சம் இழுத்தாள்.

டொக்.

ஏசம்மாள் அடுப்படியில் ஏதோ இடிக்கிறாள் என்று நினைத்துப் பரிபூரணம் திரும்பினாள். ஏசம்மாள் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

டொக். டொக்.

சத்தம் காதில் விழுவதற்கு முன்பே உள்ளங்காலில் தெரிந்தது. ஜன்னல் பக்கம் தரைக்கு அடியிலிருந்து வந்தது. மரத்தின் மேல் எலும்பு படும் சத்தம்.

அவள் பயத்தை விழுங்கிக்கொண்டு, வேண்டுமென்றே அடுத்த சுரத்தையும் இழுத்தாள்.

சேர்த்தாற்போல் இரண்டு தட்டு.

அவள் கைகள் பாட்டின் முதல் சுரத்துக்குப் போயின. அவள் நகர்த்தவில்லை. அவையே போயின.

"நான் வாசிக்கல," என்று கிசுகிசுத்தாள். "ஏசம்மா, இது நான் இல்ல."

"எந்திரிச்சு வந்துரு தாயி..."

எழ முடியவில்லை. ஏசம்மாள் ஜெபம் சொல்லிக்கொண்டே பால்துரையைத் தேடி ஓடினாள். அவர் வந்து தோளைப் பிடித்துத் தூக்கிய பிறகுதான் பியானோ நின்றது. வண்டியில் ஏறும்வரை அவள் விரல்கள் அண்ணனின் கைமேல் தாளம் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தன.

கல்லறையைத் திறந்து மூடியை எடுத்துவிடலாம் என்று பால்துரை பாதிரியாரிடம் கெஞ்சிப் பார்த்தார். புத்தி கெட்டுப் பேசாதே என்று அவர் அனுப்பிவிட்டார்.

"கடல் தாண்டி வராதுட்டி," என்றார் அண்ணன். நம்புவதைத் தவிர அவளுக்கும் வேறு வழியில்லை.

கொழும்பு அரங்கில் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. புத்தம் புதிய பியானோ. வார்னிஷ் வாடைகூடப் போகவில்லை. முதல் வரியைத் தன் இஷ்டம்போல இழுத்து வாசித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. இரண்டாவது வரியையும் இழுத்தாள்.

டொக்.

முன்வரிசையில் ஒரு கிழவர் குனிந்து தன் நாற்காலிக்கு அடியில் பார்த்தார்.

அவருக்கும் கேட்டிருக்கிறது.

டொக். டொக். டொக். அவளுடைய இழுப்பும் குழைவும் போய், பாடம் ஒப்பிக்கும் சிறுமியின் வாசிப்பு வந்தது. எதிர்த்து ஒரே ஒரு சுரத்தை இழுத்தாள். இரண்டு தட்டு. கைகள் முதல் வரிக்குப் போயின. பிறகு மறுபடி. அதற்குப் பிறகும் மறுபடி. கூட்டம் இருமியது, முணுமுணுத்தது, எழுந்து போகத் தொடங்கியது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேதான் வாசித்தாள். நிறுத்தத்தான் முடியவில்லை. கடைசியில் யாரோ இரக்கப்பட்டுத் திரையை இழுத்துவிட்டார்கள். அப்போதுதான் தட்டுவது நின்றது. கைகளும் மடியில் விழுந்தன.

பியானோவை வாடகைக்குக் கொடுத்த கடைக்காரர் வந்து மூடியின் உள்பக்கத்தை விளக்கில் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். புது வார்னிஷில் விரல் முட்டிகளின் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது. உள்ளேயிருந்து தட்டினாற்போல் இருக்கிறதே, யார் செய்தது என்று கேட்டார். அவர் மூடியை இறக்கிச் சாத்திவிட்டு, விளக்கை எடுத்துக்கொண்டு போனார்.

மூடிய பியானோவுக்குள் இரண்டு தட்டு கேட்டது.

பரிபூரணம் அழுதுகொண்டே மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.